பொய்யாக்க முடியாத வாக்கியங்கள்: செயற்கை நுண்ணறிவு குறித்த தொழில்முறைப் பதிவுகளை வாசிப்பது எப்படி

லிங்க்ட்இன் போன்ற தொழில்முறைத் தளங்களில் கணக்கு வைத்திருக்கும் எவரும், கீழே உள்ளதைப் போன்ற ஒரு பதிவைக் கடக்காமல் ஒரு வாரத்தைக் கழித்திருக்க மாட்டார்கள். இது எவருடைய பக்கத்திலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. அந்த வகைப் பதிவுகளின் வார்ப்பு தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக இங்கே எழுதப்பட்டது.

"செயற்கை நுண்ணறிவு எதிர்காலம் அல்ல, அது நிகழ்காலம். எங்கள் அணி அடுத்த தலைமுறை ஏஜென்டிக் ஏஐ தீர்வு ஒன்றை உருவாக்கி, நிறுவனத்தின் செயல்பாடுகளை முற்றிலுமாக மாற்றியமைத்திருக்கிறது என்பதைப் பெருமகிழ்ச்சியுடனும் பணிவுடனும் பகிர்ந்துகொள்கிறேன். ஏஐ உங்கள் வேலையைப் பறிக்காது. ஏஐ தெரிந்த ஒருவர் பறிப்பார். நீங்கள் தயாரா?"

படித்து முடித்தவுடன் ஏதோ முக்கியமானது சொல்லப்பட்டுவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் சொல்லப்பட்டது என்ன என்று தேடினால் கையில் எதுவும் சிக்காது. முதல் வாக்கியத்தை மறுக்கக்கூடிய நிகழ்வு ஒன்றைக் கற்பனை செய்துபார்க்கக்கூட இயலாது. இரண்டாம் வாக்கியத்தில் எந்தச் செயல்பாடு, அது முன்பு எப்படி நடந்தது, இப்போது எப்படி நடக்கிறது என்ற மூன்றும் விடுபட்டுள்ளன. மூன்றாம், நான்காம் வாக்கியங்கள் சேர்ந்து ஓர் ஆரூடம். எந்தத் தொழிலில், எத்தனை ஆண்டுகளுக்குள் என்று சொல்லாத காரணத்தால் அது என்றைக்கும் தோற்காது. கடைசியாக உள்ள கேள்வி, விடை வேண்டிக் கேட்கப்பட்டதல்ல. பின்னூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் கேட்கப்பட்டது. மொத்தப் பதிவிலும் சரிபார்க்கத் தக்க ஒரே செய்தி, யாரோ ஒருவருடைய அணி எதையோ உருவாக்கியிருக்கிறது என்பதுதான்.

வெற்றுச் சொல்லாடல் என்று நாம் இங்கே குறிப்பிடுவது இதைத்தான். ஒரு கூற்று எந்தச் சூழ்நிலையில் பொய்யாகும் என்று சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கூற்று நமக்கு எதையும் தெரிவிக்கவில்லை என்று பொருள். அறிவியலையும் அறிவியல் அல்லாததையும் பிரித்துக் காட்டுவதற்குக் கார்ல் பாப்பர் என்ற மெய்யியலாளர் இதை ஒத்த அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை, ஒரு பதிவைப் படிப்பதற்கு ஐந்து நிமிடம் செலவிடலாமா என்று முடிவு செய்தால் போதும். வெற்றுச் சொல்லாடல் பொய்யிலிருந்து வேறுபட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். பொய் சொல்பவர் ஒரு திட்டவட்டமான கூற்றை முன்வைக்கிறார். ஆகவே என்றாவது ஒருநாள் பிடிபடுவார். வெற்றுச் சொல்லை எழுதுபவரைப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் அவர் எதையும் சொல்லவில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பதிவில் 'ஏஐ' என்று வரும் இடங்களில் எல்லாம், சில ஆண்டுகளுக்கு முன் இதேபோலப் பரபரப்பாகப் பேசப்பட்ட தொழில்நுட்பப் பெயர்களான 'பிளாக்செயின்' என்றோ 'மெட்டாவெர்ஸ்' என்றோ மாற்றிப் படித்துப் பாருங்கள். அப்போதும் பதிவு தடங்கலின்றிப் பொருந்தினால், அது செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பதிவே அல்ல. சந்தை முனையில் மூட்டுவலிக்கும் மூலத்துக்கும் ஒரே டப்பாவை நீட்டும் லேகிய வியாபாரியின் பேச்சைப் போன்றது. சொல்லை மாற்றியதாலேயே ஆதாயம் கிடைத்த காலம் ஒன்றும் இருந்தது. அமெரிக்காவில் குளிர்தேநீர் விற்றுக்கொண்டிருந்த லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ என்ற நிறுவனம் 2017 டிசம்பரில் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றிக்கொள்வதாக அறிவித்தது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. தேநீர் அதே தேநீர்தான்.

இனி, மேலே கண்ட பதிவை எழுதியவர் உண்மையாகவே ஒரு வேலையைச் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, அவர் அதை வேறுவிதமாக எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

"எங்கள் கணக்குப் பிரிவுக்கு மாதந்தோறும் ஏறத்தாழ 400 இன்வாய்ஸ்கள் பிடிஎஃப் வடிவில் வருகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஜிஎஸ்டி எண், தேதி, தொகை ஆகியவற்றை எடுத்து டேலியில் பதிவதற்கு, சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரியைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறோம். அச்சிட்ட பில்களைச் சரியாகப் படிக்கிறது. கையால் எழுதிய பில்களில் தொகையை அடிக்கடி தவறாகப் படிக்கிறது. எனவே கையெழுத்துப் பில்களையும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட எல்லாப் பில்களையும் ஒருவர் பார்த்து ஒப்புதல் தருகிறார். முன்பு மூன்று நாள் எடுத்த பதிவு வேலை இப்போது ஒரு நாளில் முடிகிறது. அந்த ஒப்புதல் திரையை எழுதியது நான்."

இதுவும் சுயவிளம்பரம்தான். கடைசி வாக்கியம் எழுதியவரின் திறமையை முன்வைக்கவே எழுதப்பட்டது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேலை தேடுபவரும் வாடிக்கையாளரைத் தேடுபவரும் தம் உழைப்பைப் பிறர் அறியச் செய்வது இயல்பு. 'அடுத்த தலைமுறை', 'முற்றிலுமாக மாற்றியமைத்தல்' என்ற சொற்கள் போய்விட்டபோதும் எழுதியவரின் மதிப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. குறிப்பாக, கையால் எழுதிய பில்கள் பற்றிய வாக்கியத்தைக் கவனியுங்கள். தம் அமைப்பு எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்தவர் அதை உண்மையாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையைப் படிப்பவருக்கு அந்த ஒரு வரியே தந்துவிடுகிறது. சுயவிளம்பரத்தையும் வெற்றுச் சொல்லாடலையும் ஒரே குற்றமாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

தொடக்கநிலை வாசகர் ஒருவருக்கு இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். புரியாத சொற்கள் எல்லாம் வெற்றுச் சொற்களா? இல்லை. ஒவ்வொரு துறைக்கும் கலைச்சொற்கள் தேவை. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் கொத்தனார்களும் தங்களுக்குள் சுருக்கமாகவும் துல்லியமாகவும் பேசிக்கொள்ள அவை உதவுகின்றன. ஒரு சொல் கடினமாக இருப்பது அது வெறுமையானது என்பதற்கு அடையாளம் அல்ல. அதைப் போலவே எளிய சொற்களாலும் வெறுமையை எழுத முடியும். எழுதியவரிடம் 'இதற்கு என்ன பொருள்' என்று கேட்டால் மேலும் திட்டவட்டமான விடை கிடைக்கிறதா, அல்லது இன்னொரு பெரிய சொல் கிடைக்கிறதா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஆர்ஏஜி (ரிட்ரீவல் ஆக்மென்டட் ஜெனரேஷன் என்பதன் சுருக்கம்) என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரை ஒன்றிலிருந்து பரவிய இந்தச் சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. ஒரு கேள்வி வந்தவுடன், மொழி மாதிரி தன் பயிற்சியில் கற்றதை மட்டும் நம்பி விடையளிப்பதற்குப் பதிலாக, முதலில் ஓர் ஆவணத் தொகுப்பில் அந்தக் கேள்விக்குப் பொருத்தமான பகுதிகளைத் தேடி எடுத்து, அவற்றையும் கேள்வியையும் சேர்த்து மாதிரியிடம் கொடுத்து விடையை எழுதச் செய்வதே அந்த முறை. இதைப் பயன்படுத்தியதாகச் சொல்பவரிடம் நாம் பல கேள்விகளைக் கேட்கலாம்: எத்தனை ஆவணங்கள், அவற்றை எவ்வாறு துண்டாக்கினீர்கள், தேடல் தவறான பகுதியைக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கும். அதே சொல் 'எங்கள் ஆர்ஏஜி ஆற்றல் பெற்ற அறிவுச் சூழல் அமைப்பு' என்ற தொடரில் வரும்போது உயிரை விட்டுவிடுகிறது, ஏனென்றால் 'அறிவுச் சூழல் அமைப்பு' என்பதற்குப் பின்னால் கேள்வி கேட்க ஒன்றும் இல்லை.

'ஏஜென்ட்' என்ற சொல்லுக்கு நேர்ந்திருப்பது இன்னும் மோசம். ஓர் இலக்கைக் கொடுத்தால், அதை அடைய எந்தக் கருவியை எப்போது பயன்படுத்துவது என்று தானே தீர்மானித்து, ஒவ்வொரு படியின் விளைவையும் பார்த்து அடுத்த படியை மாற்றிக்கொள்ளும் நிரல் என்பது அதற்கு ஏற்கத்தக்க ஒரு பொருள். ஆனால் நேற்றுவரை 'சாட்பாட்' என்று விற்கப்பட்டவையும், முன்கூட்டியே எழுதிவைத்த வரிசையில் வேலைகளைச் செய்யும் பழைய தானியங்கி நிரல்களும் இன்று அந்தப் பெயரையே சூடிக்கொண்டுள்ளன. கார்ட்னர் என்ற ஆலோசனை நிறுவனம் 2025 ஜூனில், ஏஜென்ட் தொழில்நுட்பம் விற்பதாகச் சொல்லும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் ஏறத்தாழ 130 மட்டுமே உண்மையில் அதை வழங்குவதாக மதிப்பிட்டது. ஆலோசனை விற்பவர்களின் மதிப்பீட்டையும் ஒரு சிட்டிகை ஐயத்துடன்தான் பார்க்க வேண்டும் என்றாலும், மாற்றுப்பெயர் சூட்டல் எந்த அளவுக்குப் பெருகியிருக்கிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

பெயர் சூட்டுவதிலேயே தொடங்கும் இந்தச் சிக்கலைத் துறைக்குள் இருந்தவர்களே நெடுங்காலத்துக்கு முன் கண்டுகொண்டார்கள். ட்ரூ மெக்டெர்மாட் என்ற அமெரிக்கச் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் 1976-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தம் சக ஆய்வாளர்களைக் கண்டித்தார். நிரலின் முதன்மைப் பகுதிக்கு 'புரிந்துகொள்' என்று பெயர் வைத்துவிட்டு, அது புரிந்துகொள்கிறது என்று நம்பத் தொடங்குகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதற்கு அவர் சொன்ன மருந்து எளியது: அந்தப் பகுதிக்கு 'ஜி0034' என்று பெயரிடுங்கள், அதன் பிறகும் அது புரிந்துகொள்ளும் வேலையில் ஒரு பகுதியையாவது செய்கிறது என்று உங்களையோ பிறரையோ நம்பவைக்க முடிகிறதா என்று பாருங்கள். இன்றைய பதிவுகளில் 'எங்கள் ஏஐ சிந்திக்கிறது', 'வாடிக்கையாளரின் மனநிலையை உணர்கிறது' என்று வரும் இடங்களில் இதே மருந்து இன்றும் வேலை செய்யும். 'ஜி0034 வாடிக்கையாளரின் செய்தியைப் படித்து, அதைக் கோபம், திருப்தி, மற்றவை என மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துகிறது' என்று எழுதினால், உணர்வு மறைந்து வேலை தெரியத் தொடங்குகிறது.

மிகைப்படுத்தல் இத்துறைக்குப் புதியதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரே, ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வரும் 1955-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் தலைப்பில்தான் வெளிப்பட்டது. தேர்ந்தெடுத்த அறிஞர்கள் ஒரு கோடைக்காலம் சேர்ந்து உழைத்தால், இயந்திரங்களை மொழியைக் கையாளச் செய்வது முதலிய சிக்கல்களில் ஒன்றிலோ பலவற்றிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணலாம் என்று அவர்கள் எழுதினார்கள். 1958 ஜூலையில் ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான் பத்திரிகையாளர்களுக்குச் செய்து காட்டப்பட்டபோது, நடக்கவும் பேசவும் பார்க்கவும் எழுதவும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும் தன் இருப்பை உணரவும் கூடிய கணினியின் கரு அது என்று அமெரிக்கக் கடற்படை எதிர்பார்ப்பதாக நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. அன்று அந்த இயந்திரம் செய்துகாட்டியது என்ன? இடப்பக்கம் குறியிட்ட அட்டையையும் வலப்பக்கம் குறியிட்ட அட்டையையும் ஐம்பது முயற்சிகளுக்குப் பிறகு வேறுபடுத்திக் காட்டியது. அக்காலத்துக்கு அது உண்மையிலேயே பெரிய சாதனை. சாதனையை விட்டுவிட்டுக் கனவை முன்னே நிறுத்திய வழக்கம் மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

வேறுபாடு என்னவென்றால், அன்று இப்படி எழுதியவர்கள் ஆய்வகத் தலைவர்களும் நிருபர்களும். இன்று பட்டம் பெற்று ஆறு மாதமான இளைஞரும் அதையே எழுதுகிறார். அவர் ஏன் எழுதுகிறார் என்பதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரத்தில் ஒரு கருத்து உதவும். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேலைச் சந்தையைப் பற்றி எழுதிய ஆய்வு, பின்னர் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாக அமைந்தது. வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் உண்மைத் திறன் தெரியாது. ஆகவே அவர் சமிக்ஞைகளை நம்பியிருக்கிறார். ஒரு சமிக்ஞை நம்பத் தக்கதாக இருக்க வேண்டுமானால், திறனுள்ளவருக்கு அதைப் பெறுவது எளிதாகவும் திறனற்றவருக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். பட்டம் அப்படிப்பட்ட ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலும் அப்படியே. 'ஏஐ ஆர்வலர்', 'ஏஐ சிந்தனையாளர்' என்று தன் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்வதற்கு எவருக்கும் எந்தச் செலவும் இல்லை, எனவே அது சமிக்ஞையாகவே செயல்படாது.

நல்ல உரைநடையில் அமைந்த நீண்ட பதிவு ஒருகாலத்தில் ஓரளவு நம்பத் தக்க சமிக்ஞையாக இருந்தது, ஏனென்றால் அதை எழுதுவதற்குப் பொறுமையும் சிறிதளவு பொருளறிவும் வேண்டியிருந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு அந்தச் செலவு ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'ஏஜென்டிக் ஏஐ பற்றி உற்சாகமான பதிவு ஒன்று எழுதிக்கொடு' என்று கேட்டால் நொடிகளில் கிடைக்கும்; கேட்டவருக்கு எந்த அனுபவமும் இல்லாதபோது அதில் அனுபவத்தின் விவரம் எதுவும் இருக்கவும் முடியாது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பதிவுகளின் மதிப்பைக் குறைத்தது செயற்கை நுண்ணறிவே என்பது சற்று வேடிக்கையான நிலைமை. தளத்தின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. முதல் சில வரிகளுக்குப் பிறகு பதிவு மடங்கி, 'மேலும் பார்க்க' என்ற பொத்தான் வந்துவிடுவதால், அந்த வரிகளில் ஓர் அதிர்ச்சியை வைத்தாக வேண்டும். எனவேதான் பலர் ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். நிபந்தனைகளும் விதிவிலக்குகளும் உள்ள கவனமான வாக்கியத்துக்கு அந்த இடத்தில் வாய்ப்பு இல்லை.

எழுதுபவரை மட்டும் குறைசொல்வதும் சரியல்ல. படிப்பவர்களிடமும் ஒரு பலவீனம் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் பென்னிகுக் முதலிய உளவியல் ஆய்வாளர்கள் 2015-இல், ஆழமானவை போல ஒலிக்கும் சொற்களை இலக்கணம் பிழையாமல் ஆனால் தற்செயலாகக் கோத்து உருவாக்கிய வாக்கியங்களைப் பங்கேற்பாளர்களிடம் காட்டி, அவை எவ்வளவு ஆழமானவை என்று மதிப்பிடச் சொன்னார்கள். எழுதியவர் என்று ஒருவரே இல்லாத அந்த வாக்கியங்களுக்கும் பலர் ஓரளவு ஆழம் இருப்பதாக மதிப்பெண் தந்தார்கள். புரியாததை 'எனக்குத்தான் புரியவில்லை' என்று எடுத்துக்கொள்ளும் பணிவு நல்ல குணம்தான், ஆனால் வெற்றுச் சொல் எழுதுபவர்கள் அதை நம்பித்தான் எழுதுகிறார்கள். துறைக்குப் புதியவருக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம் என்பதால், அவர் விருப்பக்குறியை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அடைமொழிகளை விலக்கிவிட்டு எண்களை மட்டும் நம்பினால் போதும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அது பாதி வழிக்கு மட்டும் உதவும். 'எங்கள் மாதிரி மோசடிப் பரிவர்த்தனைகளை 99 சதவீதத் துல்லியத்துடன் கண்டறிகிறது' என்ற வாக்கியம் திட்டவட்டமானது போலத் தோன்றுகிறது. 10,000 பரிவர்த்தனைகளில் 100 மட்டுமே மோசடி என்று வைத்துக்கொள்வோம். எதையுமே ஆராயாமல் எல்லாவற்றையும் 'மோசடி அல்ல' என்று சொல்லும் நிரலும் 9,900 இடங்களில் சரியாகச் சொல்லியிருக்கும். அதன் துல்லியமும் 99 சதவீதம், பிடித்த மோசடி பூஜ்யம். ஆகவே கேட்க வேண்டியது, 100 மோசடிகளில் எத்தனை பிடிபட்டன, பிடிபட்டதாகச் சொன்னவற்றில் எத்தனை உண்மையான மோசடி என்ற இரண்டையும்தான். அதேபோல் '22 இந்திய மொழிகளை ஆதரிக்கிறது' என்று எழுதும்போது 'ஆதரிக்கிறது' என்ற வினைச்சொல் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. தமிழ் எழுத்துருவைத் திரையில் காட்டுவதும் ஆதரவுதான். தமிழில் எழுதிய வாடகை ஒப்பந்தத்தைப் படித்து முன்பணம் எவ்வளவு என்று சரியாகச் சொல்வதும் ஆதரவுதான். இரண்டுக்கும் இடையே மலையளவு தூரம்.

எண் சரியாக இருந்தும் பதிவு பொருளற்றதாக ஆவதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு, நிரல் எழுதும் வேகம் பற்றிய இரண்டு ஆய்வுகள். முதலாவது, கிட்ஹப் கோபைலட் என்ற துணைக்கருவியைப் பற்றி 2022-இல் நடத்தப்பட்ட சோதனை. 95 நிரலர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எளிய எச்டிடிபி சர்வர் (இணையக் கோரிக்கைகளுக்கு விடையனுப்பும் நிரல்) ஒன்றை எழுதச் சொன்னார்கள். கருவியைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக 1 மணி 11 நிமிடத்திலும், பயன்படுத்தாதவர்கள் 2 மணி 41 நிமிடத்திலும் முடித்தார்கள். அதாவது ஏறத்தாழ 55 சதவீதம் குறைவான நேரம். இந்த எண் பதிவுகளில் 'ஏஐ நிரலர்களை 55 சதவீதம் வேகமாக்குகிறது' என்று உருமாறியது. எந்தப் பணி, எந்த மொழி, வெறுமையிலிருந்து தொடங்கிய சிறு நிரல் என்பது, ஆய்வை நடத்தியவர்களில் பெரும்பாலோர் கிட்ஹப்பையும் அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்டையும் சேர்ந்தவர்கள் என்பது எல்லாம் வழியில் உதிர்ந்துபோயின.

இரண்டாவது, எம்இடிஆர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்டது. தாங்கள் பல ஆண்டுகளாகப் பங்களித்து வரும் பெரிய திறந்த மூல நிரல்தொகுப்புகளில் 16 அனுபவமிக்க நிரலர்கள் 246 பணிகளைச் செய்தார்கள். ஒவ்வொரு பணிக்கும் ஏஐ கருவிகளை அனுமதிப்பதா இல்லையா என்பது சீட்டுக் குலுக்கியதைப் போலத் தீர்மானிக்கப்பட்டது. தொடங்குமுன் அவர்கள் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். அளந்து பார்த்தபோது ஏஐ அனுமதிக்கப்பட்ட பணிகள் 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்திருந்தன. இதில் நம் பொருளுக்கு மிக நெருக்கமான விவரம் அடுத்தது: எல்லாம் முடிந்த பிறகும் அந்த நிரலர்கள் தங்களுக்கு 20 சதவீத நேரம் மிச்சமானதாகவே நம்பினார்கள். 'ஏஐ என் வேலையை இரு மடங்கு வேகமாக்கிவிட்டது' என்று எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று நாம் கருத வேண்டியதில்லை. அவர் முழு நேர்மையுடன் எழுதலாம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாரா என்பது வேறு விஷயம். இந்த ஆய்வு வெளிவந்தவுடன் 'ஏஐ நிரலர்களை மந்தமாக்குகிறது' என்ற எதிர்ப்பதிவுகளும் அதே வேகத்தில் கிளம்பின. பதினாறு பேர், தங்களுக்கு நன்கு பழகிய நிரல்தொகுப்பு, அந்த ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த கருவிகள் என்ற எல்லைகளை அவையும் உதிர்த்துவிட்டன. ஐயவாதமும் ஒரு வகைச் சுயவிளம்பரமாக ஆகக்கூடும் என்பதை இந்தத் துறையில் புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்கள் விரைவிலேயே கண்டுகொள்வார்கள்.

நிறுவனங்களின் பெயரில் எழுதப்படும்போது இத்தகைய பேச்சு சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஏஐ முத்திரை எந்த அளவுக்கு இலவசமாக ஒட்டப்படுகிறது என்பதை லண்டனைச் சேர்ந்த எம்எம்சி வென்ச்சர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 2019-இல் எடுத்துக்காட்டியது: ஐரோப்பாவில் ஏஐ நிறுவனங்களாக அறியப்பட்ட 2,830 புதுத்தொழில் நிறுவனங்களை ஆராய்ந்ததில், ஏறத்தாழ 40 சதவீதத்தில் ஏஐ முக்கியப் பங்கு வகிப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. அவற்றுள் பல அந்தப் பெயரைத் தாமாகச் சூட்டிக்கொள்ளவில்லை, பிறர் சூட்டியதைத் திருத்தாமல் இருந்துவிட்டன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். பின்னர் 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், டெல்ஃபியா, குளோபல் பிரெடிக்‌ஷன்ஸ் என்ற இரு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்கள் ஏஐ பயன்பாடு குறித்துத் தவறான கூற்றுகளை வெளியிட்டதாக நடவடிக்கை எடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் அவை இரண்டும் சேர்ந்து 4 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. வாடிக்கையாளர் தரவுகளை ஏஐ-க்குக் கொடுத்து முதலீட்டு முடிவுகளை எடுப்பதாக ஒன்று சொல்லியிருந்தது. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட முதல் ஏஐ நிதி ஆலோசகர் தானே என்று மற்றொன்று சொல்லியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், 'உலகின் முதல் ரோபோ வழக்கறிஞர்' என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட டுநாட்பே என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து 1,93,000 டாலர் செலுத்தச் செய்தது. அதன் சேவை மனித வழக்கறிஞரின் தரத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று நிறுவனம் சோதித்துப் பார்க்கவே இல்லை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு.

இந்த வழக்குகளில் நிறுவனங்கள் சிக்கியது, அவை திட்டவட்டமாக ஏதோ ஒன்றைச் சொன்னதால்தான். 'முதல்', 'வழக்கறிஞர்', 'உங்கள் தரவைக் கொண்டு' என்ற சொற்கள் சோதனைக்கு உட்பட்டவை. 'ஏஐ-யின் ஆற்றலைக் கட்டவிழ்க்கிறோம்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஆணையமும் எதையும் நிரூபித்திருக்க முடியாது. சட்ட ஆலோசகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெரிய நிறுவனங்களின் அறிவிப்புகள் சிறிய நிறுவனங்களின் அறிவிப்புகளைவிட மழுப்பலாக இருப்பதற்கு நாகரிகம் மட்டும் காரணமல்ல.

தனி மனிதரின் பதிவைச் சோதிக்க எந்த ஆணையமும் வராது. அவரைச் சோதிப்பது நேர்காணல். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர்கள், 'நீங்கள் கட்டிய அமைப்பு தவறு செய்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வது உண்டு. பதிவை மட்டும் எழுதியவர் 'எல்லா மாதிரிகளிலும் சில வரம்புகள் இருக்கத்தான் செய்கின்றன' என்று தொடங்கி, பொறுப்பான ஏஐ-யின் முக்கியத்துவத்துக்குப் போய்விடுவார். வேலையைச் செய்தவர் 03/04 என்ற தேதியை மாதிரி மார்ச் 4 என்று படித்ததையும், இரண்டு பக்கங்களுக்கு நீண்ட அட்டவணையின் தலைப்பு வரியை அது இரண்டாம் பக்கத்தில் தொலைத்ததையும், சோதனையின்போது யாரோ நிறுத்த மறந்த சுழற்சியால் அந்த மாதத்துப் பயன்பாட்டுக் கட்டணம் எகிறியதையும், அதற்காக மேலாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். கேட்டவர்தான் அவரை நிறுத்தி அடுத்த கேள்விக்குப் போக வேண்டியிருக்கும்.